நான் பேரம் பேசிய வண்டியில் போகிறவளுக்கு

ரெஜினா கண்ணு,

போனில் பேசும்போது உனக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் ஒரு அவசரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. "சாப்டியா?" என்கிறேன். "சாப்டேன்ப்பா" என்கிறாய். "வண்டி எப்படி ஓடுது?" என்கிறேன். "நல்லா ஓடுதுப்பா" என்கிறாய். அதற்குமேல் எனக்கு வார்த்தை வருவதில்லை. போனை வைத்த பிறகுதான் கேட்க நினைத்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வருகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இன்று ஞாயிறு. மாதா கோவிலில் பூசை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன். உங்கம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, கம்பெனிக்கு லீவு லெட்டரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். நீ படித்துவிட்டு இதை யாருக்குக் காட்டினாலும் எனக்கு வெட்கமில்லை. பெண்ணை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நிற்கிற அப்பன்கள் இந்த ஊரில் நான் ஒருவன் மட்டும் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ அந்த வண்டியை எடுத்துக்கொண்டு தளிக்குப் போன நாளிலிருந்து இருக்கிறது. காலையில் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வண்டிக்காரர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். கண்டெய்னர் லாரிக்கும் நடுச்சுவருக்கும் இடையில் ஒரு ஆள் புகுந்து போனால் என் கால் தானாகத் தரையை அழுத்துகிறது, பிரேக் என் காலடியில் இருக்கிற மாதிரி. ஒரு நாள் சூளகிரி பக்கம் பஸ் நின்றுவிட்டது. முன்னால் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. மெதுவாக நகர்ந்தபோது ரோட்டில் ஒரு செருப்பு மட்டும் கிடந்தது. லேடீஸ் செருப்பு. அன்று வேலையில் எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. உனக்குப் போன் செய்தேன். நீ தடுப்பூசி முகாமில் இருப்பதாகச் சொன்னாய். சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன். சும்மா இல்லை.

இந்தப் பயம் வண்டியோடு வந்ததென்று நீ நினைக்கக்கூடாது. உனக்கு நாலு வயசு இருக்கும். அம்மாவின் சித்தி மகள் கல்யாணத்துக்கு தேன்கனிக்கோட்டை பக்கம் போய்விட்டு சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். காட்டு வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்தார். "யாரும் பேசாதீங்க" என்றார். ரோட்டை அடைத்துக்கொண்டு யானைகள் நின்றன. ஒரு குட்டியும் இருந்தது. நீ என் மடியில் எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்தாய். நான் உன் கையைப் பிடித்து, வாயைப் பொத்தி, மடியோடு அமுக்கிவைத்தேன். நீ திமிறினாய். என் உள்ளங்கைக்குள் நீ சிரிக்கிறது எனக்குத் தெரிந்தது. யானைகள் கடந்துபோன பிறகு என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "அவ சிரிக்கிறா, நீங்க நடுங்கறீங்க" என்று சொன்னாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் வீட்டில் நிலைமை அப்படியேதான் இருக்கிறது.

கிராம சுகாதார நர்ஸ் வேலைக்கு உனக்கு ஆர்டர் வந்த அன்று நம் வீட்டில் எவ்வளவு சந்தோஷம்! அம்மா தெருவுக்கே மைசூர்பாக் கொடுத்தாள். நானும்தான் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ராத்திரி சாப்பிடும்போதுதான் எந்த ஊர் என்று கேட்டேன். ஜவளகிரி பக்கம் என்றாய். யானை நடமாடுகிற காடு அது. தளியில் ரூம் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து காட்டோரமாகவே தினமும் போக வேண்டும். துணை சுகாதார நிலையத்தோடு முடியாது, சுற்றி இருக்கிற சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் கர்ப்பிணிகளைப் பார்க்கப் போக வேண்டும். பஸ் எல்லா இடத்துக்கும் வராது. இதையெல்லாம் நீ சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு ரசம் ஊற்றிக்கொண்டாய். அப்புறம், "மண் ரோடுப்பா, ஸ்கூட்டர் சறுக்கும். கியர் வண்டிதான் எடுக்கணும்" என்றாய். கிருஷ்ணகிரியில் படிக்கும்போதே தோழியின் அண்ணன் வண்டியில் ஓட்டக் கற்றுக்கொண்டதாக அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவளாவது தடுப்பாள் என்று நினைத்தேன். "நர்சுக்குப் படிக்க வெச்சது எதுக்கு, ஊட்ல ஒக்காந்து எங்க ரெண்டு பேருக்கும் ஊசி போடவா? போகட்டும்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் நீ சேர்த்த உன் சம்பளம் அது. அப்போதுதான் நீயே எனக்கு ஒரு வழி காட்டினாய். "நீங்க வந்து பேசுங்கப்பா. நீங்க பேசினாத்தான் வெல கொறையும்." நம் கம்பெனியில் நான் பர்சேஸ் பார்க்கிறவன். அட்டைப்பெட்டியிலிருந்து போல்ட், நட்டு, கட்டிங் ஆயில் வரைக்கும் விலை குறைக்காமல் நான் ஒரு பொருளும் உள்ளே விட்டதில்லை. சப்ளையர்கள் என்னைப் பார்த்தால் முதலிலேயே தண்ணீர் குடித்துக்கொள்வார்கள். விலையைக் குறைக்கத் தெரிந்தவனுக்கு வியாபாரத்தை முறிக்கவும் தெரியும். எதிராளி எந்த இடத்தில் ரோஷப்பட்டு எழுந்திருப்பான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த இடம்வரை தள்ளிவிட்டால் போதும், பேச்சு முறிந்துவிடும், நீயும் மனசு வெறுத்து ஸ்கூட்டரோ, ஓசூருக்குள்ளேயே வேலை மாறுதலோ என்று இறங்கி வருவாய் என்று நினைத்தேன். நீ வேலையில் சேர்ந்துவிட்டு வந்த வாரம், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உன்னோடு ஷோரூமுக்கு வந்தபோது என் மனதில் இருந்தது இதுதான்.

அந்த சேல்ஸ்மேன் முபாரக்கை உனக்கு ஞாபகம் இருக்கும். கெலமங்கலத்துக்காரர். முப்பது வயது இருக்கும். நல்ல மனிதர், அதுதான் எனக்குத் தொந்தரவாகப் போயிற்று. "வாங்க சார், ஒக்காருங்க. மேடத்துக்கு ஸ்கூட்டருங்களா?" என்று கேட்டார். "மோட்டார் சைக்கிள்" என்றாய். அவர் என்னைப் பார்த்து, "ஓட்றது யாருங்க சார்?" என்றார். "நான்தாங்க" என்று சொல்லி, நீ நேராக அந்த நீல வண்டியில் ஏறி உட்கார்ந்து ஸ்டாண்டைத் தட்டிவிட்டாய். அந்த மனிதர் அதற்கப்புறம் என்னைப் பார்த்துப் பேசவில்லை, உன்னைப் பார்த்துத்தான் பேசினார். மைலேஜ், சர்வீஸ், டயர் என்று நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். நீ கேட்டவிதத்தில் இரண்டு மூன்று இடத்தில் நானே கொஞ்சம் பெருமைப்பட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

விலைப் பட்டியலை என் கையில் கொடுத்தார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். "ஹேண்ட்லிங் சார்ஜுன்னு போட்ருக்கீங்களே, இது எதுக்கு?"

"குடோன்ல இருந்து வண்டியக் கொண்டாந்து, கழுவி, ரெடி பண்ணி..."

"கழுவாத வண்டியவா விப்பீங்க?"

நீ குனிந்து சிரித்தாய். அவர் உள்ளே போய் மேனேஜரைக் கேட்டுவிட்டு வந்து, அந்த வரியை அடித்தார். இன்சூரன்ஸ் வெளியே போட்டுக்கொள்கிறேன் என்றேன். வெளியே என்ன விலையோ அதே விலைக்கு இங்கேயே போட்டுத் தருகிறேன் என்றார். சீட் கவர், பாலீஷ், கூடுதல் வாரன்ட்டி எதுவும் வேண்டாம் என்றேன். அதையும் அடித்தார். வண்டி தயாராகி எத்தனை மாதம் ஆயிற்று, பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டுகிறீர்களா என்று குரலை உயர்த்தினேன். வண்டியின் தகட்டில் இருந்த மாதத்தைக் காட்டினார். புது வண்டிதான். கிருஷ்ணகிரியில் இதைவிடக் குறைவு என்றேன். அங்கே போன் போட்டுத் தரட்டுமா என்று தணிவாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவர் எழுந்து உள்ளே போவதும், சரி என்று வருவதுமாக இருந்தார். மாதக் கடைசி, அவர்கள் விற்பனைக் கணக்கை முடிக்கிற நேரம். எனக்கு வேறெந்த நாளும் கிடைக்கவில்லையா என்று மனதுக்குள் என்னையே திட்டிக்கொண்டேன். நீயோ ஒவ்வொரு தடவையும் மேஜைக்கடியில் என் கையை அழுத்தினாய்.

கடைசியில் யாரும் ஒத்துக்கொள்ள முடியாத ஒன்றைக் கேட்டேன். வண்டியின் அசல் விலையிலேயே பத்தாயிரம் குறைக்க வேண்டும் என்றேன். முபாரக் பேனாவை மூடிவிட்டார். "சார், அது கம்பெனி வெல. எங்க கையில இல்லீங்க." நான் எதிர்பார்த்த இடம் வந்துவிட்டது. "அப்பறம் என்ன பேச்சு? வா கண்ணு, போலாம்" என்று எழுந்து நடந்தேன். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு படி இறங்கினேன். வெயில் கண்ணைக் குத்தியது. எனக்கு உள்ளே அப்படி ஒரு நிம்மதி. நீ என் பின்னாலேயே ஓடிவந்து, "சூப்பர்ப்பா! இப்ப பாருங்க, கூப்டுவாங்க" என்று காதில் சொன்னாய். சொல்லி முடிக்கவில்லை, முபாரக் மூச்சு வாங்க ஓடிவந்தார். "சார், சார், மேனேஜர் கூப்புடறாரு. நீங்க கேட்ட வெலைக்கே முடிச்சுக்கலாம்னாரு."

ஜெயித்துவிட்டு வருத்தப்பட்டது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

மேனேஜர் கன்னடக்காரர், வாங்க என்பதை அவர் பாஷையிலேயே சொன்னார். "பன்னி சார், ஒக்காருங்க, காபி குடிங்க" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். "உங்க மாதிரி கஸ்டமர விட மனசில்ல சார். நீங்க சொன்ன வெலைக்கே தர்றேன். வண்டி அதே வண்டி. கலர் அதே கலர். பிரேக் மட்டும் ரெண்டு பக்கமும் ட்ரம்மு." பின்னாலிருந்து ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தினார்கள். பார்க்க அப்படியேதான் இருந்தது. நீ பார்த்த வண்டியில் முன்சக்கரத்தில் டிஸ்க் இருந்தது, இதில் இல்லை. நீ யோசிக்கவே இல்லை. "ட்ரம்மே போதும்ப்பா. நான் என்ன ரேஸா ஓட்டப்போறேன்? பணம் மிச்சம்தானே" என்றாய். அப்பா கஷ்டப்பட்டுப் பேசி வாங்கிக் கொடுத்த விலை வீணாகக்கூடாது என்று நீ நினைத்தது உன் முகத்தில் தெரிந்தது.

நான் எழுந்து போய் அந்த வண்டியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். ஏதோ சோதிப்பதாக நீங்களெல்லாம் நினைத்திருப்பீர்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. மழை. மண் ரோட்டில் ஒரு இறக்கம். வளைவில் கறுப்பாக ஏதோ நிற்கிறது. நீ பிரேக்கைப் பிடிக்கிறாய். நான் உன்னைப் போகவிடாமல் செய்யத்தான் பேசினேன். அந்தப் பேச்சின் பலன், நீ எப்படியும் போகப்போகிறாய், ஆனால் இருப்பதிலேயே குறைந்த பிரேக்கோடு போகப்போகிறாய் என்று வந்து நின்றிருந்தது. முபாரக்கை நிமிர்ந்து பார்த்து, "உண்மையச் சொல்லுங்க தம்பி. எது சீக்கிரம் நிக்கும்?" என்று கேட்டேன். அவர் ஒரு தடவை மேனேஜர் பக்கம் பார்த்தார். "டிஸ்க்குதாங்க சார். மழையில, எறக்கத்துல வித்தியாசம் நல்லாத் தெரியும்."

"அப்ப அந்த வண்டியே போடுங்க."

மேனேஜர் சிரித்தார். "அந்த வெலைக்கு அது ஆகாது சார்."

"ஆக வேணாம். வண்டியோட வெல என்னவோ அதப் போடுங்க, ஒரு ரூபா கொறைக்க வேணாம். ஹேண்ட்லிங் சார்ஜ் மட்டும் எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும், அது நியாயமில்ல. ஹெல்மெட்டு நீங்க குடுக்க வேண்டியது, நல்லதாக் குடுங்க. அவ்ளோதான், வேற பேச்சில்ல."

அங்கே எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். இவ்வளவு நேரம் கத்திய ஆள் இவனா என்று. நீ என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்து, "ப்பா, என்கிட்ட அவ்வளவு இல்ல" என்றாய். மீதியை நான் போடுகிறேன் என்றேன். வேண்டவே வேண்டாம் என்றாய். வாங்கவில்லையென்றால் நான் இங்கிருந்து எழுந்திருக்கமாட்டேன் என்றேன். சின்னப்பிள்ளை மாதிரி அந்தச் சக்கரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முபாரக்தான் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

கண்ணு, இதில் நீ எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. பேரம் பேசு. உன் உழைப்பில் வந்த பணத்தை யாரும் சும்மா வாங்கிக்கொள்ள விடாதே. எதற்கு என்று சொல்லத் தெரியாத கட்டணம் எதுவானாலும் கேள்வி கேள். பிடிக்கவில்லையென்றால் எழுந்து வா, அதில் அவமானம் ஒன்றும் கிடையாது. ஆனால் உன்னை நிறுத்துகிற பொருளில், உன் தலையைக் காக்கிற பொருளில் பேரம் பேசாதே. டயர் தேய்ந்தால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதே. எதிராளியும் பிழைக்க வந்தவன்தான் என்பதையும் மறக்காதே. இவ்வளவு வருஷம் விலையைக் குறைத்தே பழகிய எனக்கு, எந்த விலை நியாயமானது என்று அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

பில் போடுகிற நேரத்தில் நாம் எதிர்ப்பக்கம் டீக்கடைக்குப் போனோம். நீ டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாய். "ப்பா, நீங்க வெல பேச வரல, இல்ல?" என்று கேட்டாய். நான் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். "காய்கறிக் கடையில நீங்க எழுந்து நடந்தா நாலு அடியில ஓரக்கண்ணால திரும்பிப் பாப்பீங்க, கூப்டறாங்களான்னு. இன்னிக்குத் திரும்பவே இல்ல. நேரா பஸ் ஸ்டாப்பையே பாத்துட்டு நடந்தீங்க. அப்பவே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு." உன்னிடம் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. ஆமாம் என்றேன். நீ போகக்கூடாது என்றுதான் வந்தேன் என்றேன். நீ கோபப்படுவாய் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நீ சொன்னது இது. எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. "எனக்கும் பயம்தாம்ப்பா. சேர்ற அன்னிக்கு அந்த ரோட்ல போறப்பவே கை ஜில்லுன்னு ஆயிடுச்சு. முன்னாடி இருந்த அக்கா, எங்க யானை வரும், எங்க தண்ணி ஓடும்னு ஒவ்வொரு எடமா காமிச்சாங்க. ராத்திரி தூங்கவேயில்ல. உங்ககிட்ட சொன்னா போகாதம்பீங்க. அதான் சொல்லல. நான் சிரிச்சிட்டே இருந்தா நீங்க தைரியமா இருப்பீங்கன்னு நெனச்சேன்." சொல்லிவிட்டு ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை வைத்தாய். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கடைக்காரரிடம் சில்லறை கொடுத்துவிட்டு, "வெயில் ஏறுது, வா" என்றேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ சின்னவளாக இருந்தபோதே நான் உன்னை அப்படிப் பழக்கிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. பயமாக இருக்கிறது என்று நீ எதைச் சொன்னாலும் அதை உன் வாழ்க்கையிலிருந்தே எடுத்துவிடுவேன். நாய்க்குப் பயந்தால் தெருவை மாற்றினேன். நீச்சலுக்குப் பயந்தால், போகவேண்டாம் என்று பள்ளிக்கு எழுதிக் கொடுத்தேன். அப்பாவிடம் பயத்தைச் சொன்னால் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்வார் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் உனக்கு எது பிடித்ததோ அதைப் பற்றி என்னிடம் பயப்படாத மாதிரியே பேசக் கற்றுக்கொண்டாய்.

வண்டியை எடுத்த அன்று கோவில் வாசலில் சாமியார் தீர்த்தம் தெளித்தார். அம்மா ஜெபமாலையை ஹேண்டிலில் மாட்டினாள். ஒயரில் சிக்கிக்கொள்ளும் என்று நான் கழற்றினேன். அவள் மறுபடி மாட்டினாள், நான் மறுபடி கழற்றினேன். கடைசியில் நீ வாங்கி உன் கழுத்தில் போட்டுக்கொண்டாய். கிளம்பும்போது கை காட்டினாய். ஒரு கையால் ஓட்டாதே என்று கத்தினேன். உனக்குக் கேட்டிருக்காது.

இப்போது நான் உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ராகி அறுவடை நேரம் வந்துவிட்டது. கர்நாடகக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் இந்தப் பக்கம் இறங்கும் என்று கம்பெனியில் தளிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உனக்குப் போன் செய்தேன். கிடைக்கவில்லை. மறுபடி செய்தேன். கிடைக்கவில்லை. உன் கூட இருக்கிற கோமதிக்குச் செய்தேன். "இன்னும் வரலீங்க அங்கிள், எப்பவும் இந்நேரம் வந்துடுவா" என்றாள். அம்மாவிடம் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, வீட்டில் போட்டிருந்த சட்டையோடு ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி தளி பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் இருந்தது, உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். தளியில் இறங்கி என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. அங்கிருந்து உன் ஊருக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்றுகூடத் தெரியாது. எனக்குப் போகிற தைரியமும் இல்லை, ஆனால் போய்க்கொண்டிருந்தேன். சேசுவே, மாதாவே என்றுகூட வாய் வரவில்லை. ரெஜினா, ரெஜினா என்று உன் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண் என்னைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

தளியில் இறங்கிய நேரத்தில் உன் போன் வந்தது. "ப்பா, பயந்துட்டீங்களா? இங்க டவர் இல்ல, ஒரு மேட்டு மேல ஏறி நின்னு பேசறேன்" என்றாய். பிரசவம் ஆன பெண்ணைப் பார்த்துவிட்டு நீ கிளம்பும்போது, அந்த வீட்டு அம்மா உன் வண்டிச் சாவியைப் பிடித்துக்கொண்டு, "ஆனெ ஐத்தம்மா, ஹோகபேட" என்றாளாம். யானை இருக்கிறது, போகாதே என்று. நீ கேட்கவில்லை. இருட்டுவதற்குள் போய்விடலாம் என்று கொஞ்ச தூரம் வந்தாய். வளைவில் மரக்கிளை முறிகிற சத்தம் கேட்டது. பிரேக்கைப் பிடித்து நிறுத்தினாய். எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியைத் திருப்பி, சத்தமில்லாமல் இறக்கத்தில் தள்ளிக்கொண்டே அந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டாய். "ரொம்பப் பயந்துட்டேன்ப்பா. அதான் திரும்பிட்டேன். காலையில ஃபாரஸ்ட் வாட்சர் வந்து கூட்டிட்டுப் போறேன்னிருக்காரு. இவங்க களி கிண்டிப் போட்டாங்க" என்றாய்.

பெரியவளான பிறகு, பயந்த அன்றே அதை நீயாக என்னிடம் சொன்ன முதல் தடவை அது. என் வாய்வரைக்கும் வந்தது. வேலையை விட்டுவிட்டு வந்துவிடு, இப்போதே மாறுதலுக்கு எழுதிப்போடு என்று வந்தது. போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அப்புறம், "நல்லதாப் போச்சு கண்ணு, சாப்ட்டுத் தூங்கு" என்றேன். நான் தளியில் நிற்கிறேன் என்று சொல்லவில்லை. அதே பஸ் திரும்பும்போது ஏறி வீட்டுக்கு வந்தேன். "கடையில என்ன வாங்கினீங்க?" என்று அம்மா கேட்டாள். கையில் ஒன்றுமில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யானையைக் கண்டும் பயப்படாதவள் என்று உங்கம்மாவை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள்.

அன்றைக்கு உன்னைக் காப்பாற்றியது டிஸ்க் பிரேக் என்று நான் மார்தட்டிக்கொள்ளலாம். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். நீ பயந்தாய், அதனால் நின்றாய், திரும்பினாய். அந்தப் பயத்தை விட்டுவிடாதே. அந்த ரோடு பழகிப் பழகி, ஒரு நாள் அந்தப் பயம் உன் கையைவிட்டுப் போய்விடுமோ என்றுதான் இப்போது என் கவலை. எத்தனை வருஷம் ஓட்டினாலும் அந்த வளைவில் முதல் நாள் மாதிரியே மெதுவாகப் போ. ஊர்க்காரர்கள் போகாதே என்றால் போகாதே. வேலை அடுத்த நாளும் இருக்கும். பயந்தால் எனக்குச் சொல். எந்த நேரமானாலும் சொல். வந்துவிடு என்று நான் சொல்லமாட்டேன். இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். சொல்லாமல் இருக்க எனக்குக் கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் சொல்லமாட்டேன். அந்த ஊர்களில் உன்னை நம்பி வயிற்றில் பிள்ளையோடு காத்திருக்கிறவர்களுக்கும் வீட்டில் அப்பன் இருப்பான், அவனுக்கும் பயமாகத்தான் இருக்கும்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு லீவு. காலையில் முதல் பஸ்ஸில் தளிக்கு வருகிறேன். என்னைப் பின்னால் உட்காரவைத்து அந்த ரோடு முழுவதும் ஒரு தடவை கூட்டிப்போ. பகலில், வெளிச்சத்தில். எந்த இடத்தில் தண்ணீர் ஓடும், எங்கே நீ எஞ்சினை அணைத்தாய், எந்த மேட்டில் ஏறினால் டவர் கிடைக்கும் என்று காட்டிக்கொண்டே போ. இங்கே உட்கார்ந்து நான் நினைத்துக்கொள்கிற காட்டுக்குக் கரையே இல்லை. உண்மையான காடு அதைவிடச் சின்னதாகத்தான் இருக்க வேண்டும். வழியெல்லாம் மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டு வரமாட்டேன். உன் தோளை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் கோபித்துக்கொள்ளாதே.

அப்பா